செங்கல் சுமந்த கை ‘இடிக்க மாட்டேன்’ என்றது

(கட்டடத் தொழிலாளர் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்த வேளையில், இளந்தோழர் ஒருவர் என்னை வாயிற்படியிலேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, கூலியில் பத்து ரூபாய் உயர்த்திக் கேட்பதற்கே தொண்டை வறளக் கோஷம் போட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் சில பெரிய மனிதர்கள், பழைய மாளிகையைக் காப்பாற்று, மரத்தைக் காப்பாற்று, குரங்கைக் காப்பாற்று என்று மனுவுக்கு மேல் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? வயிறு நிறைந்தவர்களின் மாலைநேரப் பொழுதுபோக்கல்லவா அது?” என்றார் அவர்.

அவர் கேட்டது முற்றிலும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தூண் இடிந்தால் கண்ணீர் வடித்து, அத்தூணுக்குப் பின்னே நாற்பதாண்டு குடியிருந்த குடும்பம் தெருவுக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கனவான்களை நாம் கண்டிருக்கிறோம். புலியைக் காப்பதற்காகக் காட்டிலே பிறந்து வளர்ந்த மக்களைக் காட்டைவிட்டு விரட்டு என்று சொல்லும் மேதாவிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வாதாட நான் இங்கு வரவில்லை. ஆனால் அவர்களைக் காட்டி, ‘காப்பது நம் வேலையன்று’ என்று நாம் ஒதுங்குவோமானால், அதனால் மகிழ்பவன் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்கு விடை தேடி நான் உங்களை ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி மாநகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே 1971 முதல் 1974 வரை, செங்கல் சுமந்தவர்களும் சாரம் கட்டியவர்களும் கான்கிரீட் கொட்டியவர்களும் செய்து காட்டிய காரியத்தைப் போல உலகத் தொழிற்சங்க வரலாற்றில் மற்றொன்றைக் காண்பது அரிது.

1960களின் இறுதியில் சிட்னி நகரம் கட்டட வெறி பிடித்துக் கிடந்தது. நாடு நாடாகப் பணம் வந்து குவிந்தது. அலுவலகக் கோபுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் எழும்பின. குடியிருக்க வீடில்லாதவன் வீடில்லாமலே இருந்தான். காலியாகக் கிடக்கப் போகும் அலுவலக மாடிகளுக்கோ சிமெண்ட் மூட்டை மூட்டையாய் இறங்கிற்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அன்றைய முதல்வர் ராபர்ட் ஆஸ்கின். 1965 முதல் 1975 தொடக்கம்வரை ஆட்சி செய்த அவருடைய அரசாங்கம், கட்டட முதலாளிகள் வரைந்த திட்டங்களுக்கெல்லாம் கதவை அகலத் திறந்துவைத்தது.

அந்நாட்டில் பழங்கட்டடங்களைக் காக்க விரும்பிய கற்றோர் இல்லாமலில்லை. நியூ சவுத் வேல்சில் 1945-லேயே ‘தேசிய அறக்கட்டளை’ என்னும் அமைப்பை அவர்கள் நிறுவியிருந்தார்கள். காக்கத்தக்க கட்டடங்கள் இவையிவை என்று ஆராய்ந்து, அழகான பட்டியல் ஒன்றும் தயாரித்து வைத்திருந்தார்கள். ஆனால் அப்பட்டியலுக்குச் சட்ட வலிமை ஏதுமில்லை. பட்டியலில் இருக்கிறதே என்று கடப்பாரை தயங்குமா? பட்டியலைப் படித்துப் பாராட்டிவிட்டு மறுநாள் கட்டடத்தை இடிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அறிவிருந்தது, ஆர்வமிருந்தது, ஆற்றல் இல்லை. அந்த ஆற்றல் எங்கிருந்தது? கடப்பாரையைப் பிடித்திருந்த கையிலே இருந்தது!

கட்டடக் கூலித் தொழிலாளர் சம்மேளனத்தின் நியூ சவுத் வேல்ஸ் கிளை என்பது அந்தச் சங்கத்தின் பெயர். தச்சர், குழாய்ப் பணியாளர் போன்ற கைவினைஞர்களுக்கு வேறு சங்கங்கள் உண்டு. இதுவோ பள்ளம் தோண்டுவோர், கம்பி கட்டுவோர், சாரம் கட்டுவோர், சுமை தூக்குவோர் ஆகியோரின் சங்கம். மேட்டுக்குடியினர் பேச்சில் ‘தொழில் தெரியாத கூலிகள்’. ஒரு காலத்தில் அச்சங்கம் அடியாட்களின் பிடியில் சிக்கிக் கிடந்தது. நேர்மையான தொழிலாளர்கள் பல்லாண்டு போராடி அதை மீட்டார்கள். 1968-இல் ஜாக் மண்டே செயலாளரானார். குயின்ஸ்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றில் 1929-இல் பிறந்த அவர் கம்யூனிஸ்ட். தோழர் ஜோ ஓவன்சும் கம்யூனிஸ்ட். தலைவர் பாப் பிரிங்கிள் தொழிற்கட்சியின் இடதுசாரி. இம்மூவரும் சங்கத்தை நடத்திய முறையை நம் சங்க நிர்வாகிகள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சங்க அதிகாரிக்குச் சம்பளம், தொழிலாளி பெறும் கூலியின் அளவே. வேலைநிறுத்தம் என்றால் அதிகாரிக்கும் சம்பளம் இல்லை. ஆறாண்டுக்கு மேல் எவரும் பொறுப்பில் நீடிக்கலாகாது. மண்டே 1973-இல் பொறுப்பிலிருந்து இறங்கினார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. (இங்கே சிலர் புன்னகை செய்வதை நான் காணாமலில்லை.)

சரி, கதைக்கு வருவோம்.

சிட்னியில் பாரமட்டா ஆற்றங்கரையில் ஹண்டர்ஸ் ஹில் என்றொரு பகுதி. வசதி படைத்தோர் வாழும் இடம். ஆற்றங்கரையில் ஏறத்தாழ பன்னிரண்டு ஏக்கர் இயற்கைக் காடு எஞ்சி நின்றது. ‘கெல்லி காடு’ என்று அதை அழைப்பார்கள். அதை அழித்து ஆடம்பர வீடுகள் கட்ட ஒரு பெரிய கட்டட நிறுவனம் திட்டமிட்டது. இதைக் கண்டு கொதித்த பதின்மூன்று பெண்கள் 1970-இல் ஒரு குழு அமைத்தார்கள். இல்லத்தரசிகள்; போராட்டம் என்றால் என்னவென்று அறியாதவர்கள். நகராட்சிக்கு எழுதினார்கள், அமைச்சரைப் பார்த்தார்கள், முதல்வரிடம் முறையிட்டார்கள். எந்தக் கதவும் திறக்கவில்லை. கடைசியில், தங்கள் வாழ்நாளில் ஒருபோதும் படியேற எண்ணியிராத ஓரிடத்தின் படியேறினார்கள். அது கட்டடக் கூலித் தொழிலாளர் சங்க அலுவலகம்!

சங்கத்துக்குள் வாதம் எழுந்தது. எழாமல் இருக்குமா? “பணக்காரர் வட்டாரத்து மரங்களுக்காக நாம் ஏன் நம் வேலையை இழக்க வேண்டும்?” என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நம் இளந்தோழரின் கேள்வி அன்றே அங்கே கேட்கப்பட்ட கேள்விதான். சங்கம் அவசரப்பட்டு முடிவெடுக்கவில்லை. “பதின்மூன்று பேர் சொல்வது போதாது. உங்கள் ஊர் மக்களைப் பொதுக்கூட்டமாகக் கூட்டுங்கள், ஊர் கேட்டால் நாங்கள் வருகிறோம்” என்றது. சுமார் அறுநூறு பேர் கூடினார்கள். சங்கத்தின் உதவியைக் கோரித் தீர்மானம் போட்டார்கள். 1971-இல் தடை பிறந்தது. எந்தச் சங்க உறுப்பினனும் அம்மண்ணில் மண்வெட்டி வைக்க மாட்டான் என்ற தடை.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. சங்கத்தில் சேராத ஆட்களை வைத்துக் கட்டிவிடுவோம் என்று மிரட்டியது. நம் ஊர் மொழியில் சொன்னால், கருங்காலிகளை இறக்குவோம் என்றது. அதே நிறுவனம் வடசிட்னியில் ஓர் அலுவலகக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. பாதி எழும்பியிருந்த அந்தக் கட்டடத்துத் தொழிலாளர்கள் கூடி, நிறுவனத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள்: கெல்லி காட்டில் ஒரே ஒரு மரம் சாய்ந்தாலும் இந்தக் கட்டடம் என்றென்றும் பாதிக் கட்டடமாகவே நிற்கும், கெல்லி காட்டின் நினைவுச்சின்னமாக! தோழர்களே, மனுக்கள் ஓராண்டாக ஆற்றாத வேலையை அந்த ஒரு செய்தி ஆற்றிவிட்டது. காடு பிழைத்தது. 1983-இல் மாநில அரசே அந்நிலத்தை வாங்கிப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. இன்றும் யார் வேண்டுமானாலும் போய் அம்மர நிழலில் உட்காரலாம்.

அதுவரை தொழிற்சங்கங்கள் விதித்தவற்றைக் ‘கறுப்புத் தடை’ என்று சொல்வது அந்நாட்டு வழக்கம். இயற்கையையும் நகரத்தின் நினைவையும் காக்க விதிக்கும் தடைக்கு அப்பெயர் பொருந்தாது என்று கருதிய மண்டே, ‘பசுமைத் தடை’ என்று பெயரிட்டார். பின்னாளில் ஜெர்மனியின் பெட்ரா கெல்லி ஆஸ்திரேலியா வந்து இந்தத் தடைகளைப் பார்த்துச் சென்றார் என்றும், ‘பசுமை’ என்ற சொல்லை அங்கிருந்தே எடுத்துச் சென்றார் என்றும் ஆஸ்திரேலியப் பசுமைக் கட்சித் தலைவர் பாப் பிரவுன் சொல்லியிருக்கிறார். இன்று எத்தனையோ நாடுகளில் கட்சிப் பெயராக விளங்கும் அச்சொல்லைச் சிமெண்ட் சுமந்தவர்கள் தந்தார்கள் என்பதில் நாம் சற்றுப் பெருமை கொண்டால் குற்றமில்லை.

அடுத்த மூன்றாண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட தடைகள் விதிக்கப்பட்டன. ஒவ்வொன்றையும் விரித்துரைக்க நேரமில்லை. சிட்னியின் புகழ்பெற்ற இசை நாடக அரங்குக்கு வண்டி நிறுத்துமிடம் கட்ட, தாவரவியல் பூங்காவின் பழைய மோர்ட்டன் பே அத்தி மரங்களைப் பலியிடவிருந்த திட்டம் நின்றது. (நம் ஆலமரத்துக்கு உறவான மரம் அது.) நூறாண்டுப் பூங்காவில் விளையாட்டரங்கு கட்டும் திட்டமும் நின்றது. அங்கே சங்கத்தோடு கைகோத்து நின்றவர்களுள் ஒருவர், 1973-இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேட்ரிக் ஒயிட். முன்னே சொன்னேனே, தேசிய அறக்கட்டளையின் பட்டியல்! அப்பட்டியலில் உள்ள எந்தக் கட்டடத்தையும் எங்கள் உறுப்பினன் இடிக்க மாட்டான் என்று சங்கம் அறிவித்தது. சட்டம் தர மறுத்த வலிமையைச் சங்கம் தந்தது.

ஆனால் நான் சற்று நின்று பேச விரும்பும் இடம் ராக்ஸ். 1788-இல் ஆங்கிலேயர் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கிக் குடியேற்றம் தொடங்கிய கரை அது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அந்நிலத்துக்கு உரியவர்களாயிருந்த பழங்குடி மக்களுக்கு அது எந்த நாளின் தொடக்கம் என்பது வேறு கதை, அதையும் மறக்கலாகாது. 1900-இல் பிளேக் நோய் பரவியபோது அரசாங்கம் அந்தப் பகுதியைத் தன் உடைமையாக்கிக்கொண்டது. துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே குறைந்த வாடகையில் வாழ்ந்து வந்தன. குறுகலான சந்துகள், கல் வீடுகள், துறைமுகத்தைப் பார்த்த திண்ணைகள். அதிகாரிகளின் கண்ணுக்கோ அங்கே மனிதர் தெரியவில்லை. கடற்கரையோரம் விலை மதிப்பற்ற மனைதான் தெரிந்தது. வானளாவும் கோபுரங்களுக்குத் திட்டம் வரையப்பட்டது. குடியிருந்தோர் நிடா மெக்ரே என்ற பெண்மணியின் தலைமையில் திரண்டு சங்கத்தை நாடினார்கள். 1971 இறுதியில் தடை வந்தது. 1973 அக்டோபரில் சங்கம் சாராத ஆட்களைக் கொண்டு இடிக்க முயன்றபோது, குடியிருந்தோரும் தொழிலாளரும் இடிபாடுகளின் நடுவே உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது, பலரைத் தூக்கிச் சென்றது, மண்டேயும் கைதானார். ஆயினும் கோபுரத் திட்டம் அப்படியே நிறைவேறவில்லை. குடியிருந்தோர் தாங்களே ஒரு மாற்றுத் திட்டத்தை வகுத்து முன்வைத்தார்கள். அரசாங்கம் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது.

அவர்கள் எதையுமே கட்டாதே என்று சொன்னவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மருத்துவமனை கட்டு, பள்ளி கட்டு, ஏழைக்கு வீடு கட்டு, நாங்கள் வருகிறோம் என்றார்கள். வூலூமூலூ என்ற ஏழைக் குடியிருப்பில் கோபுரங்கள் எழும்பாமல் தடுத்தார்கள். 1975-இல் மத்திய அரசும் மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து அங்கே பொது வீடுகள் கட்ட ஒப்பந்தம் செய்தன. வேலை போகுமே என்ற அச்சத்துக்கு அவர்கள் தந்த விடை இதுவே: எங்கள் உழைப்பால் எழும்புவது எது, யாருக்காக என்று கேட்கும் உரிமையும் எங்களுடையது. எட்டு மணி நேர வேலைக்கும் கூலிக்கும் போராடி வென்ற தொழிலாளி, மாலையில் திரும்பிச் செல்லும் ஊர் மூச்சுவிட முடியாத ஊராயிருந்தால் வென்றது என்ன?

இவ்வளவையும் முதலாளிகள் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்பார்களா? தடைபட்ட திட்டங்களின் மதிப்பு அன்றைய விலையில் நூறு கோடிக் கணக்கான டாலர்கள். விக்டோரியா தெருவில் வாடகைக்கிருந்தோரை அடியாட்கள் விரட்டினார்கள். அத்தெருவின் இடிப்பை எதிர்த்துத் தம் சிறு பத்திரிகையில் எழுதிவந்த ஜுவானிடா நீல்சன் என்ற பெண்மணி 1975 ஜூலை 4 அன்று காணாமற்போனார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் கொல்லப்பட்டார் என்று 1983-இல் மரண விசாரணை முடிவு சொன்னது. கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆனால் சங்கத்தை வீழ்த்தியது வெளிப்பகை மட்டுமன்று. இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சம்மேளனத்தின் அகில ஆஸ்திரேலியச் செயலாளர் நார்ம் காலகர், தம்மை மாவோவின் வழிநிற்பவர் என்று கூறிக்கொண்டவர். அவர் 1974 அக்டோபரில் சிட்னிக்கு வந்து மாநிலக் கிளையைக் கைப்பற்றும் வேலையில் இறங்கினார். கட்டட முதலாளிகள் அவருக்கு ஒத்துழைத்தார்கள். அவருடைய உறுப்பினர் சீட்டு வைத்திருப்போருக்கே வேலை என்றார்கள். 1975 மார்ச்சில் பழைய கிளை முறிந்தது. மண்டே, ஓவன்ஸ், பிரிங்கிள் உள்ளிட்டோர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். செங்கொடியின் பெயராலேயே செங்கொடி இறக்கப்பட்டது. முதலாளிகள் போலீசைக் கொண்டு முடிக்க முடியாததை நம்மவர் சண்டையைக் கொண்டு முடித்துக்கொண்டார்கள்.

இருந்தபோதிலும் விதைத்தது வீண் போகவில்லை. 1977-இல் மரபுச் சின்னங்களைக் காக்கும் சட்டம் அம்மாநிலத்தில் வந்தது. 1979-இல் நகரத் திட்டமிடலில் குடிமக்கள் கருத்துச் சொல்ல வழி செய்யும் சட்டமும், அதையொட்டித் தனி நீதிமன்றமும் வந்தன. வீதியில் கைதான ஜாக் மண்டே, 1995-இல் அம்மாநில வரலாற்று இல்லங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் தலைவரானார்! காலம் சில வேளைகளில் இப்படியும் வேடிக்கை செய்கிறது.

இனி நம் வீட்டுக்குப் பக்கத்தில் வருவோம். தூரத்து நாட்டுத் தோழர்களைப் புகழ்வது எளிது. நம் இயக்கம் இத்தகைய கேள்வி எழுந்தபோது எங்கே நின்றது? கேரளத்தின் பாலக்காட்டு மலையில் குந்திப்புழை பாயும் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 1973-இல் அனுமதி கிடைத்தது. நீரில் மூழ்கவிருந்த மழைக்காட்டில் வாழ்ந்த விலங்குகளுள் ஒன்று சோலைமந்தி. முகத்தைச் சுற்றிச் சிங்கத்தின் பிடரி போல் வெண்மயிர் கொண்ட கருங்குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. நம் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே எஞ்சிய காட்டுத் துண்டுகளிலும் அது இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் அதை நன்கறிவர்.

“குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா?” என்று கேட்டவர்கள் நம்மவர்களிலேயே ஏராளம். மலபாருக்கு மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும் என்றார்கள். அது பொய்யான தேவையன்று. மின்வாரியத் தொழிலாளரிடையே அணைக்கு ஆதரவு வலுவாக இருந்தது. எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தது யார்? 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத். பள்ளி ஆசிரியர்களும் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் நிறைந்த மக்கள் விஞ்ஞான அமைப்பு. அவர்களில் பலர் இடதுசாரிகள். பேராசிரியர் எம்.கே. பிரசாத் தாவரவியலைப் பேசினார். கவி சுகதகுமாரி கவிதையால் பேசினார். மின்சாரம் வேண்டாம் என்று பரிஷத் சொல்லவில்லை. இக்காட்டை அழிக்காமல் அதைப் பெறும் வழி உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டியது. சொந்தத் தோழர்களின் ஏச்சையும் வாங்கிக்கொண்டது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. இன்று அந்த அணை கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று மேடையேறிச் சொல்ல நம்மில் எத்தனை பேர் துணிவோம்? அன்று துணிந்தவர்கள் பலர். சிட்னியில் சங்கம் ஊர்மக்களை ‘வாருங்கள், கூட்டம் கூட்டுங்கள்’ என்று அழைத்துப் பேசியதைப் போல, மின்வாரியச் சங்கமும் பரிஷத்தும் முதலிலேயே ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால் எத்தனை ஆண்டுச் சண்டை மிஞ்சியிருக்கும்!

கடைசியாக ஒன்று. ராக்ஸ் மக்கள் நடத்திய போராட்டத்தின் பயனாக, இடம் பெயர வேண்டியிருந்தோர் அதே பகுதியில் வாழ வேண்டுமென்று அரசாங்கம் 1980 வாக்கில் ‘சிரியஸ்’ என்ற அடுக்குமாடியைக் கட்டியது. எழுபத்தொன்பது வீடுகள். கான்கிரீட் பெட்டிகளை அடுக்கியதுபோன்ற தோற்றம். அழகென்று சொல்வாரும் உண்டு, அவலட்சணம் என்று சொல்வாரும் உண்டு. ஆனால் அந்தச் சன்னல்களிலிருந்து பார்த்தால் சிட்னியின் இசை அரங்கும் பாலமும் தெரியும். ஏழை முதியவர் ஒருவர் காலையில் தேநீர் குடித்தபடியே அந்தக் காட்சியைப் பார்க்கலாம். 2014-இல் அரசாங்கம் அதை விற்கப் போவதாக அறிவித்தது. மரபுச் சின்னமாக அறிவிக்கவும் மறுத்தது. எண்பத்தைந்து வயதைக் கடந்த மண்டே மீண்டும் வீதிக்கு வந்தார். 2016-இல் சங்கங்கள் அதன்மீது பசுமைத் தடை விதித்தன. 2017-இல் நீதிமன்றம் அரசாங்கத்தின் மறுப்பு செல்லாது என்றது. கட்டடம் இடிபடவில்லை. ஆனால் குடியிருந்தோர் ஒருவர்பின் ஒருவராக வெளியேற்றப்பட்டார்கள். 2019-இல் அது பதினைந்து கோடி டாலருக்குத் தனியாருக்கு விற்கப்பட்டு, செல்வர்களின் ஆடம்பர வீடுகளாக மாற்றப்பட்டது. 2020 மே மாதத்தில் மண்டே காலமானார்.

சுவர் நிற்கிறது, யாருக்காகக் கட்டினார்களோ அவர்கள் இல்லை. கெல்லி காட்டுக்கு இன்றும் எவரும் போகலாம். சிரியசுக்குள் வாடகைக் குடும்பம் ஒன்று நுழைய முடியாது. இரண்டுமே பட்டியலில் ‘காக்கப்பட்டவை’ என்றே எழுதப்படும். நம் ஊரில் பழைய சந்தைக் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம், குளக்கரையை அழகுபடுத்துகிறோம் என்று அதிகாரிகள் வந்து அளவெடுக்கும்போது, அந்தச் சந்தையில் கூறு கட்டி விற்கும் பெண்ணின் பெயர் அந்தத் திட்டக் காகிதத்தில் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டியவர்கள், அங்கே சாரம் கட்டப் போகிற நீங்கள்.

வாயிற்படியில் கேள்வி கேட்ட தோழர் அதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் இன்னும் முழுமையாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. தேநீர் வந்துவிட்டது, குடித்துவிட்டு அவரே முதலில் பேசட்டும்.